கோடு இழுக்காத பக்கம்

யோகராணி மிஸ் இறந்துபோன செய்தி எனக்குக் கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வைத்து வந்தது. வீட்டுச் சமையலறைக் குழாய் இரண்டு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வொஷர் வாங்கப் போயிருந்தேன். கைப்பேசி அடித்தது. எடுத்தால் பரீத். நானும் மிஸ்ஸும் வேலை செய்த கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் மெசினை இயக்கியவர். அலவத்துகொடைக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் எல்லோருடைய நல்லது கெட்டதும் முதலில் அவர் காதுக்குத்தான் போகும்.

"செல்வராஜ், நம்ம யோகராணி மிஸ் மௌத்தாம். காலையில தங்கச்சி எழுப்பப் போயிருக்கா, எழும்பல்லயாம்."

"அப்படியா" என்றேன். கடைக்காரர் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று கேட்டார். அரை என்றேன். வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றி வொஷரை மாற்றி, திரும்பவும் பூட்டினேன். ஆனால் அன்று குழாயைத் திறந்து பார்க்கவில்லை. ஏன் என்று மிஸ்ஸுடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

பேராதனையில் அவர் வீட்டுக்கு அன்று மாலையே போனேன். மல்லிகை மாலைக்கு நடுவில் அவர் முகம் வழக்கம்போலக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ என்று இருக்குமே, அப்படி இருந்தது. முற்றத்தில் போட்டிருந்த கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழுந்தபோது அவருடைய தங்கை வந்தார்.

"முப்பத்தொண்டாம் நாள் நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறம், அண்ணை. அக்காவோட வேலை செய்தவை ஒராள் எழுதினால் நல்லம். நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ."

சரி என்று சொல்லிவிட்டேன். இது எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நாலு வரி என்றார், இது நாலு வரியில் அடங்கவில்லை. நல்லதாக இருக்குமா என்பதும் தெரியவில்லை.

புத்தகத்தை வாசிக்கப் போகும் உறவினர்களுக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் மெசின் ஒன்று எங்கள் பிரிவில் இருந்தது. அதன் தலைக்குள் கனத்த ஈயக் கவசத்துக்கு நடுவே கோபால்ட் துண்டு கிடக்கும். பொத்தானை அமுக்கினால் காற்றழுத்தம் அதை ஒரு இழுப்பறைபோல வாசலுக்குத் தள்ளும். மேசையில் படுத்திருக்கும் நோயாளிமேல் கதிர் படும். நேரம் முடிந்ததும் அது தானே உள்ளே திரும்பிவிட வேண்டும். வெளியே சிவப்பு முனையுள்ள ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டு நின்றால் கோபால்ட் இன்னும் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு உள்ளே போகும்வரை எங்களில் யாரும் மூச்சை முழுதாக விடுவதில்லை.

மெசின் பழுதுபட்டால் திருத்துவது என் வேலை. திருத்தியது சரியா என்று பார்ப்பது பௌதிகவியலாளரான மிஸ்ஸின் வேலை. அதற்கென்று தடித்த மட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்தேன் என்று நான் எழுதி முதல் கோட்டில் கையெழுத்து வைப்பேன். இரண்டாவது கோடு அவருடையது. அந்தக் கோட்டில் கையெழுத்து விழாமல் ஒரு நோயாளியும் மேசையில் படுக்க முடியாது. திருத்தியவனே சரிபார்க்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைச் சோறு தண்ணீர்போல நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே அவரோடு முட்டிக்கொண்டேன். கதவுப் பூட்டில் ஒரு சின்னப் பழுது. நாலு மணிக்குள் முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தகத்தோடு போய் நின்றேன். அவர் புத்தகத்தைத் தொடவில்லை.

"நாளைக்குக் காலமை பாப்பம்" என்றார்.

"இப்பவே நல்லா வேலை செய்யுது மிஸ். வந்து பாருங்க."

"வேலை முடிஞ்ச சூட்டோட எல்லா மெசினும் நல்லபிள்ளைதான். ஒரு இரவு படுத்து எழும்பட்டும்."

இதுதான் அவருடைய வழக்கம். திருத்திய அன்று எதையும் பார்க்க மாட்டார். கண்டிக் குளிரில் ஒரு இரவு கிடந்து, காலையில் விறைத்துப்போய் இருக்கும் மெசினைத்தான் பார்ப்பார். பார்க்கும்வரை நான் எழுதியதை வாசிக்கவும் மாட்டார். கழுத்தில் ஒரு நேரமானி தொங்கும். இருபது தடவை இயக்குவார். பத்தொன்பது போதாது. எல்லாம் முடிந்த பிறகு தன் கையெழுத்துக்குக் கீழே பக்கத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடத்துக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்துவிடுவார். பிறகு ஒருவர் வந்து ஒரு சொல்லைக்கூட அதில் சேர்க்க முடியாது. எத்தனையோ வருடப் புத்தகங்கள் அவை. ஒரு பக்கத்திலும் அந்தக் கோடு தவறியதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"என்னை நம்பலயா மிஸ்?" என்று ஒருநாள் சூடாகவே கேட்டேன்.

"நம்பாமல் என்ன? ஆனால் நம்பிக்கைக்கு அந்தப் புத்தகத்தில கோடு இல்லை, செல்வராஜ்" என்றார்.

அவரைக் கேலி செய்வதற்கு நமக்கு விஷயம் குறையவே இல்லை. கண்டி நகரத்தில் ஒரு கடையில் குடை வாங்கப் போய், அதை இருபது தடவை விரித்து மடக்கிப் பார்த்தாராம். கடைக்காரர் கடைசியில், "நோனா, இனி இது பழைய குடை, பாதி விலைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாராம். பரீத் இந்தக் கதையை அவர் முன்னாலேயே சொல்வார். மிஸ் சிரிக்க மாட்டார். "பதினெட்டாம் முறை கம்பி இறுகினது. அதை ஏன் சொல்லேல்லை?" என்பார். அந்தக் குடையை அவர் வாங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி சாந்திக்கு மார்பில் நோய் கண்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து, நான் திருத்தும் அதே மெசினுக்குக் கீழேயே வந்து படுத்தாள். பாதிச் சிகிச்சை முடிந்திருந்த நேரத்தில் மெசின் நின்றுவிட்டது. கோபால்ட்டைத் தள்ளும் காற்றுக்குழலில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. வளையம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இந்தச் சிகிச்சையில் இடையில் நாள் விட்டுப்போகக் கூடாது என்று அங்கே துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். தினமும் காலையில் பஸ் பிடித்துத் தூரத் தூர இருந்து வந்தவர்கள், இன்றைக்கும் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாந்தி வீட்டில், "ஏங்க, இன்னைக்காவது சாமான் வந்துச்சா?" என்பாள். நான் வந்துவிடும் என்பேன்.

ஆறாம் நாள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வளையம் வந்தது. ஒரு பொதியில் இரண்டு. நான் சோறுகூடத் தின்னாமல் குழலைக் கழற்றினேன். சுத்தம் செய்தேன். வளையத்தை எடுத்தேன். அதற்குப் பூச வேண்டிய சிலிக்கோன் கிரீஸ் குழாயைப் பிதுக்கினேன். காற்றுத்தான் வந்தது. மணி நாலரை. ஸ்டோர்ஸ் நாலு மணிக்கே பூட்டியாயிற்று. மத்தியானமே ஒரு தடவை பிதுக்கிப் பார்த்திருந்தால் ஸ்டோர்ஸில் புதுக் குழாய் வாங்கியிருக்கலாம். பார்க்கவில்லை. மேசையின் கீழே கொம்பிரசருக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் டின் இருந்தது. அந்த ரப்பருக்கு எண்ணெய்க் கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சமாகப் போட்டால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். விரலில் எடுத்துப் பூசினேன். குழலைப் பூட்டினேன். மெசின் வெண்ணெய்போல ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரிவின் வாசல் நிறைய ஆட்கள். பரீத் என்மேல் இருந்த அன்பில் அன்றைய பட்டியலில் சாந்தியின் பெயரை முதலாவதாக எழுதியிருந்தார். அவள் சீலையை மாற்றி, அங்கே கொடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெறும் மேசை. வெளியே, உள்ளே நடப்பதைக் காட்டும் கமெராத் திரைக்கு முன்னால் மிஸ், பரீத், நான். மிஸ் எண்ணத் தொடங்கினார். சிவப்பு வெளியே வரும், உள்ளே போகும். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். பத்து. பன்னிரண்டு. பதினாறு. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பதினேழாவது தடவை சிவப்பு உள்ளே போகவில்லை.

மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, அது மெதுவாகத் தானே உள்ளே போனது. மிஸ் நேரமானியை என்னிடம் நீட்டினார். பதினொரு விநாடி.

"மிச்சம் மூண்டையும் பாப்பம்" என்றார். அந்த மூன்றும் ஒழுங்காகப் போயின. அவர் புத்தகத்தில், 'இருபது தடவை. ஒரு தடவை பதினொரு விநாடி தாமதம். பாவிக்க வேண்டாம்' என்று எழுதினார்.

நான் கத்தினேன். பிரிவில் இருந்த நீங்கள் எல்லோரும் அன்று கேட்டீர்கள். "இருபதில ஒண்ணு மிஸ்! பதினோரு செக்கன்! வெளிய எத்தன பேர் குந்தியிருக்காங்க பாருங்க. என் பொஞ்சாதி குந்தியிருக்கா!"

"இண்டைக்குப் பதினொண்டு" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு எத்தினை எண்டு உங்களால சொல்ல ஏலுமோ?"

பொறுப்பு டொக்டரும் வந்து, இன்று மட்டும் பார்த்துச் செய்ய முடியாதா என்று கேட்டார். மிஸ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதுதான் பதில். வாசலில் இருந்தவர்களுக்கு அவரே போய்ச் சொன்னார். சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். ஒரு வயதான மனிதர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். மிஸ் அப்படியே நின்றார். சாந்தி எழுந்து சீலையை மாற்றிக்கொள்ளப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோர்ஸ் கணக்கெடுப்புக்காகப் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை திறந்ததும் சிலிக்கோன் கிரீஸை வாங்கிக்கொண்டு வந்து குழலைத் தனியாகக் கழற்றினேன். வளையம் ஊதியிருந்தது. விரலில் வைத்துப் பார்த்தால் மழையில் நனைந்த சுண்டல்போலப் பருத்துக் கிடந்தது. அது நான் செய்த வேலை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு இருந்தது ஆத்திரம்கூட இல்லை, அவசரம். வளையத்தைத் துடைத்துக் காற்சட்டைப் பையில் போட்டேன். இரண்டாவது வளையத்தை ஒழுங்கான கிரீஸ் பூசி மாட்டினேன். புத்தகத்தில், 'காரணம்: வந்த வளையம் தரமில்லை' என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை இருபதும் சரி. பிறகுதான் மிஸ் நான் எழுதியதை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"பழைய வளையம் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன் மிஸ்."

"கிரீஸ் எது போட்டனீங்கள்?"

"எப்பவும் போடுறதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கிரீஸ் டின் இருந்த மேசையைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். அவர் எழுதினார்: 'இயக்கம் சரி. காரணம் நான் பார்க்கவில்லை.' கையெழுத்து வைத்தார். அடிமட்டத்தை எடுத்தார். எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம் அப்படியே இருந்தது. கோடு இழுக்கவில்லை.

அன்று சாந்தி முதலாவதாகப் படுத்தாள். சிவப்பு வெளியே வந்து, நேரம் முடிய உள்ளே போனது. நான் திரைக்கு முன்னால் நின்றேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பிறகு நடந்தது. யாழ்ப்பாணத்து மிஸ்ஸுக்கு நெஞ்சு கல் என்ற பேச்சு அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் பலமாகக் கிளம்பியது. உங்களில் சிலர் சொன்னீர்கள். சாந்தியின் அண்ணன்மார் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். கையெழுத்து ஒன்று போட்டால் என்ன, விரல் தேய்ந்தா போய்விடும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தது மட்டுமில்லை, தலையையும் ஆட்டினேன். சாந்தி ஒருத்திதான் அவர் பக்கம் பேசினாள்.

"நான்தானே மொதல்ல படுக்க இருந்தேன்? அது சிக்கியிருந்தா என் மேலதானே? அந்த மிஸ் நம்ம மேல உள்ள அக்கறையிலதான் செஞ்சாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். ஒருநாள் ஒரு பை நிறையப் பலாக்கொட்டை கொடுத்துவிட்டாள். மிஸ் அதை வாங்கி, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பிப் பார்த்து, சொத்தை இரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "நல்ல கொட்டை. சொல்லுங்கோ" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு நோய் திரும்ப வந்து சாந்தி போய்விட்டாள். மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு அந்த நாள் எல்லாம் விட்டுப்போகாம இருந்திருந்தா, மிஸ்?" என்று கேட்டேன். துக்கத்தில் கேட்டேன் என்று சொன்னால் பொய். யாராவது ஒருவர் குற்றத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அது நானாக இருக்கக் கூடாது என்றும் இருந்தது.

"தெரியாது, செல்வராஜ்" என்றார். "அதாலதான் எண்டும் சொல்ல ஏலாது, அதால இல்லை எண்டும் சொல்ல ஏலாது. தெரியாததுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அதாலே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கும் அது நல்லதுதான். ஊர் பேசிய பேச்சு அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கும். சொல்லவில்லை. கிரீஸைப் பற்றியும் கேட்கவில்லை. சாந்தியின் பெட்டி வெளியே போகும்வரை ஒரு மூலையில் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். எத்தனையோ பழுது, எத்தனையோ பக்கம். ஒவ்வொன்றிலும் அவர் கோடு இழுத்தார். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வேலையில்லாத நேரங்களில் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கோடு இழுக்க மறந்த ஆள் அவர் இல்லை. எனக்காக விட்ட இடம் அது. நாலு வரி எழுதலாம். பேனாவைத் திறந்து மூடியிருக்கிறேன். பிறகு அந்த மெசினையே எடுத்துவிட்டார்கள். புத்தகங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. மிஸ் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். புதுவருடத்துக்குத் தொலைபேசியில் பேசுவோம். "குழலெல்லாம் சுகமோ?" என்று பகிடியாகக் கேட்பார். நான் சிரிப்பேன். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

இவ்வளவும் எழுதியும் எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கு அது பெரிய விஷயமாகவும் இருக்காது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, திருத்திய எதையும் அன்றே நம்பாத பழக்கம். சமையலறைக் குழாயை மறுநாள் காலையில்தான் திறந்து பார்த்தேன். இருபது தடவை. ஒழுகவில்லை. மற்றது, அவர் விட்டுவைத்த இடம். அந்தப் புத்தகம் இப்போது இல்லாததால் அதை இங்கே நிரப்புகிறேன். மிஸ்ஸின் தங்கை இதில் ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சடிக்க வேண்டும். ஊதிப்போன வளையமும் என்னிடம் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

காரணம்: வளையத்தில் குறை இல்லை. தவறான கிரீஸ் பூசப்பட்டது. தெரிந்தே பூசியவன் நான். அந்த வெள்ளிக்கிழமை சாந்தியையும் வாசலில் இருந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியது நான். யோகராணி மிஸ் அல்ல.

பழுதுபார்த்தவர்: செ. செல்வராஜ்.

சரிபார்த்தவர்:

இதற்குக் கீழே எழுத எனக்கு இனி ஒன்றும் இல்லை, மிஸ். அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துவிட்டேன்.